ஒரு மூச்சு இடைவெளி

அத்தியாயம் 14

நேற்று ஆபீஸ் மீட்டிங் முடிந்து வந்ததிலிருந்து பெரியவளுக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை என்பது போன வாரமே உங்களுக்குத் தெரியும். எதனால் என்பது அவள் அம்மாவுக்கும் தம்பிக்கும்தான் தெரியாது. தெரியாத இரண்டு பேரும் காலையில் வழக்கம்போல மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள்.

"நேத்துப் போட்ட சட்டைதானேடா இது? காலரைப் பாரு, கரி அள்ளிப் பூசின மாதிரி! கழட்டு, வேற போடு."

"போன்ல பேசறவனோட காலரை எவன்மா பார்க்கப் போறான்? நான் பேசறது கேட்டாப் போதும்."

"நீ பேசறதுதான் தெருவுக்கே கேக்குதே. மெல்லமாப் பேசித் தொலையேன்டா!"

சின்னவன் சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றி அம்மாவின் மேல் எறிந்தான். அவனுக்கு மெல்லப் பேச வராது. மீசை அரும்பிய வயசிலிருந்து காய்கறி மார்க்கெட்டில் ஏலம் கூவியவன். தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நின்று அவன் ஒரு விலையைச் சொன்னால், கடைசி வரிசையில் நிற்கிற வியாபாரியும் கையைத் தூக்குவான். அங்கே அவனுக்கு 'ஸ்பீக்கர்' என்றே பேர். ராஜா மாதிரி இருந்தான்.

அந்த ராஜாவைப் பிடுங்கிக்கொண்டு வந்து ஆபீஸ் நாற்காலியில் நட்டு வைத்தவள் பெரியவள்தான். "கத்தற பொழைப்பெல்லாம் ஒரு பொழைப்பாடா? டை கட்டிக்கிட்டு ஏசியில உட்காரணும்டா" என்று நச்சரித்து, கெஞ்சி, ஒருநாள் அழுதே காட்டி, அவனைத் தன் கம்பெனியில் சேர்த்துவிட்டாள்.

ஃப்ரிட்ஜ் ஓடவில்லை, வாஷிங் மெஷின் சுற்றவில்லை என்று போன் போடுகிறவர்களுக்குப் பதில் சொல்கிற கம்பெனி அது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பேச்சு கற்றுக்கொடுப்பது பெரியவளின் வேலை. இங்கிலீஷில் மனம் கோணாமல் எப்படி ஆமாம் சொல்வது. அதைவிட முக்கியமாக, மனம் கோணாமல் எப்படி இல்லை சொல்வது. அவள் வகுப்பில் 'நோ' என்பது கெட்ட வார்த்தை. 'ராங்' அதைவிடக் கெட்ட வார்த்தை. எதிராளி என்ன உளறினாலும் முதலில் 'ஐ ஸீ யுவர் பாயிண்ட்' என்று தலையாட்ட வேண்டும். நீங்கள் சொல்வது புரிகிறது, நியாயம்தான் என்று அர்த்தம். அப்புறம் ஒரு மூச்சு விட வேண்டும். நம்மை மதிக்கிறார்கள் என்று எதிராளியின் மனசு குளிர்வதற்கு அந்த ஒரு மூச்சு. அதற்குப் பிறகுதான் 'பட்' என்று ஆரம்பித்து நம் பேச்சைப் பேச வேண்டும். இந்த மூச்சு விடுகிற வித்தை அவளே கண்டுபிடித்தது. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

அந்த மூச்சுதான் நேற்று அவள் காலை வாரிவிட்டது.

விஷயம் இதுதான். ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்று ஒரு ஆள் போன் போட்டிருக்கிறார். கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று சின்னவன் கேட்டான். மூடித்தான் இருக்கிறது என்றார். கதவு திறந்திருந்தால் அடிக்கிற 'பீப்' சத்தம் இவன் காதில் போன் வழியாகவே விழுந்துகொண்டிருந்தது. "நோ சார், யு ஆர் ராங்" என்றான். அவர் எகிறினார். இவன் மறுபடி சொன்னான். மூன்றாவது முறை ஏலம் கூவுகிற குரலில் சொன்னான். மாடி முழுக்க எழுந்து நின்று பார்த்தது. மறுநாள் ஆள் போய்ப் பார்த்தால் கதவிடுக்கில் ஒரு கரண்டி சிக்கியிருந்ததாம். அதை யார் கேட்டார்கள்? புகார் வந்தது வந்ததுதான்.

அதற்காகத்தான் நேற்று மீட்டிங். மேலாளர், ஆட்களைச் சேர்க்கிற அதிகாரி அம்மாள், தரம் பார்க்கிறவர், நான்காவதாகப் பயிற்சி கொடுப்பவள் என்கிற முறையில் பெரியவள். "இவரை அனுப்பிவிடுவதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று இங்கிலீஷில் குழைவாகக் கேட்டார் மேலாளர்.

"ஐ ஸீ யுவர் பாயிண்ட், சார்" என்றாள் பெரியவள். ஒரு மூச்சு விட்டாள். 'பட்' உதட்டுக்கே வந்துவிட்டது.

"தேங்க் யூ! அப்போ எல்லாரும் ஒத்துக்கொண்டாயிற்று" என்று மேலாளர் லேப்டாப்பை மூடிவிட்டார். நாற்காலிகள் நகர்ந்தன. எல்லாரும் எழுந்தார்கள். அவளும் எழுந்தாள்.

அதோடு போயிற்றா என்றால் இல்லை. வாசலில் அவளை மட்டும் நிறுத்தி, "புதுக் கிளைக்குப் பயிற்சித் தலைவி நீங்கள்தான். திங்கட்கிழமை அறிவிப்பு" என்றார். அவள் "தேங்க் யூ, சார்" என்றாள். உதட்டில் நின்றிருந்த 'பட்' அப்படியே உள்ளே போய்விட்டது.

இவ்வளவும் தெரிந்தவள் இன்று காலை தம்பியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறாள். வண்டி கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுவது என்று நினைத்தாள். தெருமுனை வந்தது. பெரிய சாலை வந்தது. சிக்னல் வந்தது.

"டேய்…" என்றாள்.

"என்னக்கா?"

"ஒண்ணும் இல்ல. மெதுவாப் போ."

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்று ஹெல்மெட்டைத் திருப்பினான். "அந்தப் புகார் வந்ததுலேர்ந்து மனசே சரியில்லக்கா. எனக்காக இல்ல. உன் பேரு கெடுதேன்னு. நீ சேர்த்துவிட்ட ஆளு இப்படிக் கத்திட்டானேன்னு சொல்லுவாங்கள்ல? அதான் ராத்திரி கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன். கேக்கறியா?"

கேட்கமாட்டேன் என்றா சொல்ல முடியும்?

"ஐ ஸீ யுவர் பாயிண்ட், சார்" என்றான். தோளை ஏற்றி இறக்கி ஒரு பெரிய மூச்சு விட்டான். "பட்… மே பி யு குட் செக் த டோர்? எப்படி? சரியா இருக்கா?"

பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். மூச்சு மட்டும்தான் அடக்கமாக வந்தது, குரல் பழைய குரல்தான்.

"சரியா இருக்குடா" என்றாள் பெரியவள். சிக்னல் பச்சையானது. சொல்ல வந்ததை ஆபீஸ் வாசலிலும் அவள் சொல்லவில்லை.

பதினொரு மணி வாக்கில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, ஒருவர் மீது ஒருவர் பொய்ப் புகார் சொல்லி, மரியாதையாக மறுத்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தார்கள். சுவரில் பெரியவள் எழுதி ஒட்டிய அட்டை. மேல் வரியில் முழுச் சம்மதம். கீழே போகப்போக, ஒரு வகையில் சரிதான், யோசிக்க வேண்டிய விஷயம்தான், இன்னொரு பக்கமும் இருக்கிறதல்லவா என்று சம்மதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கடைசி வரியிலும் 'முடியாது' இல்லை.

கதவு திறந்தது. சின்னவன் நின்றான். தலையில் மாட்டுகிற ஹெட்செட் கையில் இருந்தது.

"நீயும் ஒத்துக்கிட்டியாமே அக்கா?"

பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"டேய், வெளிய வா, பேசலாம்…"

"அந்த ஆள் சேர்க்கற அம்மா சொல்றாங்க. 'எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. உங்க அக்காவே முழு மனசோட ஒத்துக்கிட்டாங்க'ன்னு. பொய்யா சொல்றாங்க? பொய்யின்னா சொல்லு, போய்ச் சட்டையைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"முழு மனசோட இல்லடா. நான் சொல்ல வந்தேன். முதல்ல அவர் சொன்னதை ஏத்துக்கிட்டு, ஒரு மூச்சு விட்டேன். அதுக்குள்ள அவர்…"

"ஓ" என்றான். சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தான். "அந்த மூச்சா."

"ஆமாடா."

"சரி. மூச்சு விட்டு முடிச்சப்புறம் வாய் எங்கக்கா போச்சு?"

அதற்கு அவளிடம் திங்கட்கிழமை என்ற பதில் இருந்தது. அதை எந்த வாயால் சொல்வது?

அவன் ஹெட்செட்டை அவள் மேஜையில் வைத்தான். ஒயரை நன்றாகச் சுருட்டி வைத்தான். "அவங்ககிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். 'எங்கக்கா அப்படிச் சொல்லியிருக்க மாட்டா, அவளையே இன்னொரு தடவை கேளுங்க'ன்னு. கேப்பாங்க. பதில் சொல்லிக்கோ" என்றான். போய்விட்டான்.

பின்னால் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. முன் வரிசைப் பெண் பயந்துகொண்டே, "மேடம், கன்டினியூ பண்ணலாமா?" என்றாள்.

"யெஸ். ப்ளீஸ்" என்றாள் பெரியவள். அந்த வகுப்பில் அதற்குப் பிறகு என்ன சொல்லிக்கொடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

மேலாளர் மதியம் அவரே வந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பேர் வெண்ணெய். பேச்சு அப்படி வழுக்கும். அதுவும் சும்மா வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரும் இவளுடைய வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவர்தான்.

"உங்கள் தம்பிக்கு ஒரு சந்தேகம்போல" என்று சிரித்தார். "நியாயம்தான். நான்கு பேரும் சம்மதித்தால்தான் தலைமை அலுவலகம் ஏற்கும். ஒருவர் மறுத்தாலும் விசாரணைக்குப் போகும், அதுவரை அவர் வேலையில் இருக்கலாம். அவசரமே இல்லை. வீட்டுக்குப் போய் யோசியுங்கள். ஆறு மணிக்கு மேல் கூப்பிடுகிறேன். திங்கட்கிழமை அறிவிப்பையும் அதே மெயிலில்தான் எழுதப் போகிறேன்."

கடைசி வாக்கியத்தைப் போகிற போக்கில்தான் சொன்னார். பெரியவளுக்கு அது புரியாமல் இல்லை. அப்போதே மறுத்திருக்கலாம். அவர்தான் அவசரமில்லை என்றாரே என்று சாக்குச் சொல்லிக்கொண்டாள். "ஷ்யூர், சார்" என்றாள்.

சாயங்காலம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சின்னவன் வந்திருக்கவில்லை. போனை அணைத்து வைத்திருந்தான். அம்மா கூடத்தில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். காலையில் அவன் கழற்றி எறிந்த சட்டை, காலரில் ஒரு பொட்டு அழுக்கு இல்லாமல், அவள் மடியில் இருந்தது. அதைப் பார்த்ததும் பெரியவளுக்கு உடைந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினாள்.

அம்மா மடிப்பதை நிறுத்தவில்லை. கேட்டு முடித்ததும், "அவனை அனுப்பறேன்னு அவங்க சொன்னாங்க. நீ சரின்னியா, முடியாதுன்னியா?" என்றாள்.

"அப்படி ஒரே வார்த்தையில சொல்ல முடியாதும்மா. இங்கிலீஷ்ல அதுக்கு ஒரு முறை இருக்கு. முதல்ல…"

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. சரின்னியா, முடியாதுன்னியா?"

"முடியாதுன்னுதான் சொல்ல வந்தேன்."

"சொல்லல."

"மூஞ்சியில அடிச்ச மாதிரிச் சொல்லக் கூடாதும்மா. அவங்க மனசு நோகும். எதிர்த்துப் பேசறதுக்கும் ஒரு மரியாதை வேணும்."

அம்மா சட்டையைக் கீழே வைத்தாள்.

"நேத்து ராத்திரி சாப்பிட வாடின்னேன். வேணாம், போன்னு வெடுக்குன்னு சொன்ன. முட்டி வலிக்குது, டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போடின்னு போன மாசம் கெஞ்சினேன். இப்ப முடியாதுன்னு சொல்லிட்டுத் தலையைக்கூடத் திருப்பாம போன. அவன் மார்க்கெட்டை விட்டு வரமாட்டேன்னு சொன்னப்ப, உனக்கு மூளை இருக்கான்னு கேட்டவ நீதான். எங்ககிட்ட பேசறப்ப எல்லாம் இந்த மூச்சு எங்கடி போயிருந்துச்சு? ஊரானுக்கு நோகாம பேசற, எங்களுக்கு மட்டும் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு. நல்ல படிப்புடி உன் படிப்பு!"

அம்மா இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுவதற்குக்கூட முகம் இல்லை.

"ஆறு மணிக்கு மேல கூப்பிடுவாரும்மா. சொல்லிடறேன். திங்கட்கிழமை அந்த உத்தியோகம் போனாலும் போகட்டும். முடியாதுன்னு சொல்லிடறேன்."

"எங்க, இப்ப சொல்லு பார்ப்போம். நான்தான் உங்க மேனேஜர்."

"விளையாடாதேம்மா."

"சொல்லுடி!"

"நோ, சார்" என்றாள்.

"காத்துதான் வருது. நீ சொன்னது எனக்கே கேக்கல."

"நோ, சார்!"

"ம். அவன் கூவற ஏலத்துல பாதியாவது இருக்கட்டும்."

"நோ, சார்!" என்று கத்தினாள். எதிர் வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. ஊருக்கே மரியாதையாகப் பேசக் கற்றுக்கொடுக்கிறவள் கூடத்து நடுவில் நின்று ஒரு வார்த்தைக்கு இந்தப் பாடு படுகிறாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"அப்படியே வாயில வெச்சுக்கோ. முழுங்கிடாதே" என்றாள்.

போன் அடித்தது.

அம்மா எழுந்து பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்து போனைக் காதில் வைத்தாள். மேலாளர் எடுத்தவுடன் விஷயத்துக்கு வரவில்லை. அம்மா சௌக்கியமா என்று கேட்டார். இன்று உங்களுக்கு எவ்வளவு கஷ்டமான நாள் என்று எனக்குப் புரிகிறது என்றார். உங்கள் நேர்மையைப் பற்றித்தான் இப்போதுகூடத் தரம் பார்ப்பவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றார். எந்தக் கடுப்பும் இல்லை, எந்த மிரட்டலும் இல்லை. மிரட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்கள் தம்பிக்கே இந்த வேலை ஒத்துவரவில்லை. அவருடைய நன்மைக்கும் இதுதான் நல்லது. நீங்கள் எங்களோடு இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?"

அம்மா அவள் தோளை அழுத்தினாள்.

பெரியவள் வாயைத் திறந்தாள். நாக்கு தினமும் போகிற வழியிலேயே போயிற்று.

"ஐ ஸீ யுவர் பாயிண்ட், சார்…"

ஐயோ என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? அத்தனை வருஷம் பழகிய நெஞ்சு, கேட்காமலே ஒரு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"தேங்க் யூ ஸோ மச்! நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நாளைக் காலையில் முதல் வேலையாக மெயிலை அனுப்பிவிடுகிறேன். குட் நைட்."

"பட்… நோ! நோ, சார்! ஹலோ? நோ, சார்!"

கத்தினாள். ஏலத்தில் பாதி என்ன, முழு ஏலமே கூவினாள். அந்தப் பக்கம் யாரும் இல்லை. மறுபடி போட்டாள். வேறு அழைப்பில் இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது.

தலையைத் தூக்கினால், வாசல் கதவருகில் சின்னவன் நிற்கிறான். தன் சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றுவிட்டிருக்கிறான். கேட்டிருக்கிறான். முன்பாதியும் கேட்டிருக்கிறான், பின்பாதியும் கேட்டிருக்கிறான்.

நேரே உள்ளே போனான். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது தோளில் ஒரு பை இருந்தது.

"அம்மா, நாலு சட்டை எடுத்துக்கிட்டேன்" என்றான். "மார்க்கெட்ல பார்த்துப் பேசிட்டேன். என் இடத்துல வேற ஆள் நிக்கறான். மூட்டை எறக்கற வேலைதான் இருக்காம், அது போதும். எடை போடறவர் ரூம்ல தங்கிக்கறேன்."

"பெத்தவ ஒருத்தி குத்துக்கல்லாட்டம் நிக்கறேன், நீ பாட்டுக்குக் கிளம்பற! சாப்பிட்டியாடா?"

"சாப்பிட்டேம்மா. நீ முட்டிக்கு மருந்து போடு. ஞாயித்துக்கிழமை வந்து டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போறேன்."

பெரியவள் எழுந்து போய் வழியை மறித்துக்கொண்டாள். "இரு. நாளைக் காலையிலதான்டா அனுப்புவார். ராத்திரிக்குள்ள பேசிடறேன். எடுக்கலேன்னா நேர்ல அவர் வீட்டுக்கே போறேன்."

சின்னவன் அவளைப் பார்த்தான். கோபமே இல்லாத பார்வை.

"தட்ஸ் எ வெரி குட் ஐடியா, மேடம்" என்றான்.

மெல்லச் சொன்னான். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, ஒரு எழுத்து பிசகவில்லை. எத்தனை மாசம் அவனை உட்கார வைத்து, 'குரலைக் குறைடா, குரலைக் குறைடா' என்று அவள் உயிரை விட்டிருப்பாள்! இன்று வந்துவிட்டது அவனுக்கு.

"மேடமா? நான் உன் அக்காடா."

"ஐ கம்ப்ளீட்லி அக்ரீ."

"வேணாம்டா. என்கிட்ட இப்படிப் பேசாதே. திட்டுடா. மார்க்கெட்ல திட்டற மாதிரி அசிங்கமாத் திட்டு, வாங்கிக்கறேன். தப்பு என் மேலதான். அந்த உத்தியோகத்துக்கு ஆசைப்பட்டுத்தான் வாயை மூடிக்கிட்டேன். போதுமா? ஏன் பண்ணினேன்னு கேளுடா. கேட்டுட்டு ரெண்டு அறை விடு!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஆசைதான் இவள் வாயை மூடியது என்பது அவளுக்கும் இப்போதுதான் தெரிகிறது.

"ஐ ஸீ யுவர் பாயிண்ட்" என்றான் சின்னவன்.

ஒரு மூச்சு விட்டான்.

பெரியவள் காத்திருந்தாள். இனி 'பட்' வரும். வந்தாக வேண்டும், அவள் சொல்லிக்கொடுத்த முறை அது. 'பட்' என்று ஆரம்பித்து அவன் என்ன சொன்னாலும் சரி. என் பொழைப்பைக் கெடுத்துட்டே என்று சொல்லட்டும். நீ என் அக்காவே இல்லை என்று சொல்லட்டும். எதிர்த்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிடுவாள்.

அவன் பையை ஏற்றிப் போட்டுக்கொண்டான். அவளைத் தொடாமல், இடிக்காமல், "எக்ஸ்க்யூஸ் மீ" என்று ஒதுங்கிக் கடந்து போனான். கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டான். படியில் அவன் இறங்குகிற காலடி தெருவரைக்கும் கேட்டது.

அம்மா மெல்ல, "இங்கிலீஷ்ல என்னமோ சொன்னானே. என்னடி சொல்லிட்டுப் போறான்?" என்றாள்.

"நான் சொல்றதெல்லாம் சரிதான்னு சொல்லிட்டுப் போறான்மா."

அம்மா கீழே கிடந்த சட்டையை எடுக்கக் குனிந்தாள். மடித்த அந்தச் சட்டையின் மேல் அவனுடைய வீட்டுச் சாவி இருந்தது.

"அப்புறம் எதுக்குடி இதை வெச்சுட்டுப் போறான்?"